கழுவின துவக்கின் விலை

என் மனிசனின் ஞானஸ்நானப் பெயர் பேனாட். பலெர்மோவில் எங்கள் சனத்திடம் வெறும் பேனாட் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. "விலை பேனாட்" என்று கேட்க வேண்டும்.

இவர் மன்னாரில் படித்தது எட்டாம் வகுப்பு. தொண்ணூற்றொன்றில் இங்கே வந்தார். நான் சொல்லப்போகிற கதை நடந்த 2006-இல் பதினைந்து வருடமாக மற்றவர்களின் வீட்டைத் துடைத்து, சமைத்து, வயதானவர்களைக் கைபிடித்து நடத்திக்கொண்டிருந்தார். கிழமை நாட்களில் இவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்த பிறகு பார்க்க வேண்டும். கோயில் முற்றத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒருவர் பழைய கார் கொண்டுவருவார், இன்னொருவர் பிள்ளை தள்ளுகிற வண்டி. விற்கிறவர், வாங்குகிறவர் இருவரும் இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் சாமானை மூன்று தரம் சுற்றி நடப்பார். விரல் முட்டியால் தட்டுவார். பிறகு மணந்து பார்ப்பார். பிரிஜ்ஜை மணந்து விலை சொல்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைசியில் "ம்" என்பார். அந்த "ம்" முடிந்து விலை வர ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவர் கிழமை முழுக்க உயிரோடு இருக்கிறார் என்று நான் நினைப்பதுண்டு.

இவருக்கு ஒரு சட்டம் இருந்தது. எதை விற்கப் போனாலும் முதலில் கழுவ வேண்டும். கழுவின சாமானுக்குக் காற்பங்கு விலை கூட. எங்கள் சனத்தில் ஸ்ரான்லி என்றொருவரின் பிரிஜ்ஜுக்கு நாற்பது யூரோவுக்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. இவர் அதை வினாகிரியும் பற்பசையும் போட்டு ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேய்த்தார். ஞாயிறு எழுபதுக்குப் போயிற்று. அதற்குப் பிறகு உலகத்துக்குக் கட்டளைகள் பத்து, பலெர்மோத் தமிழருக்குப் பதினொன்று என்று ஆகிவிட்டது.

இவர் வேலை செய்தது லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா அல்போன்சாவின் வீட்டில். மூன்றாம் மாடி, உயர்ந்த ஜன்னல்கள், உள்முற்றத்தைப் பார்த்த பல்கனி. சனிக்கிழமைகளில் நானும் அங்கே போய்த் துணி அயர்ன் பண்ணுவேன். சிஞ்ஞோராவுக்கு எண்பத்துமூன்று வயது. மூளை கத்தி மாதிரி. காது மட்டும் இரண்டும் போய்விட்டது. எதையும் தொண்டை கிழியக் கத்தினால்தான் விழும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தொரீனோவில் இருக்கும் சிஞ்ஞோராவின் தங்கச்சி டெலிபோன் எடுப்பார். அதுதான் அந்த வீட்டின் பெருந்துன்பம். டெலிபோனை இவர்தான் காதில் வைத்திருப்பார். அங்கிருந்து வருவதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் சிஞ்ஞோராவுக்குக் கத்துவார். "என்ரை மருமகள் என்னைப் பட்டினி போடுறாள்!" என்று என் மனிசன் கத்துவார். "அவளின்ரை தாயும் அப்பிடித்தான்!" என்று கத்துவார். எதையும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். முற்றத்தைச் சுற்றியிருந்த நாலு மாடிக்கும் தொரீனோ மருமகளின் கதை மனப்பாடம். சிஞ்ஞோரா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மாக்கிரட், சாகிறதுக்கு முன்னம் என்ரை தங்கச்சியோடை ஒருக்கால் தனியக் கதைக்க வேணும்." (அவர் பேசியது இத்தாலியன். எனக்கு அது எங்கள் பேச்சில்தான் நினைவிருக்கிறது. அப்படியே சொல்கிறேன்.)

காதுக்கு மெஷின் இருந்தது. இரண்டு காதுக்கும் இரண்டாயிரத்து எண்ணூறு யூரோ. சிஞ்ஞோராவின் பென்ஷன் வீட்டுக்கும் மருந்துக்கும் எங்கள் சம்பளத்துக்கும் சரி. அப்போதுதான் அவருக்கு அலுமாரியில் இருந்த துவக்கின் நினைவு வந்தது.

அது செத்துப்போன புருஷனின் வேட்டைத் துப்பாக்கி. அவர் அவுக்காத்தோ, வழக்கறிஞர். வேட்டைப் பைத்தியம். இரட்டைக்குழல், பிரேசியாப் பக்கத்தில் முப்பதுகளில் கையால் செய்தது. இரும்பில் நாயும் கவுதாரியும் செதுக்கியிருந்தது. காகிதமெல்லாம் ஒழுங்கு. அவர் செத்த கிழமையே சிஞ்ஞோரா போய்த் தன் பெயரில் பதிந்துவிட்டார். சிஞ்ஞோராவின் தமையனின் மகன் பப்ரீசியோ ஒருநாள் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமி, இது பழைய இரும்பு. உங்களுக்காக ஐந்நூறு தாறன்" என்று அவர் காதுக்குள் கத்தினான்.

அவன் போனதும் சிஞ்ஞோரா இவரைக் கூப்பிட்டார்.

"பெர்னார்தோ, போன வருஷம் என்ரை தையல் மெஷினுக்கு அவன் முப்பது சொன்னவன். நீ நூறுக்கு வித்தாய். இதுக்கும் நீ விலை சொல்லு. நீ சொல்லுற விலைக்குத்தான் குடுப்பன்."

இவருக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்குக் காரணம் தெரியும். நாங்கள் வந்த இடத்தில் துவக்குக்கு ஒருவரும் விலை கேட்டதில்லை. துவக்கு வைத்திருந்தவர் சொன்னதுதான் மற்றச் சாமான்களுக்கெல்லாம் விலை. அதோடு அந்த வருடம் இவருடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகத்தில், குவெஸ்தூராவில், கிடந்தது. துவக்கோடு சம்பந்தப்பட்டவன் என்று ஒரு பொலிஸ்காரன் எழுதிவிட்டால் பதினைந்து வருடமும் தண்ணீரில் போய்விடும். "எனக்கு இதுகள் தெரியாது சிஞ்ஞோரா" என்று நாலு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். விலை பேனாட் சொல்வாரா? துவக்கை மூன்று தரம் சுற்றி நடந்தார். தட்டவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று மணந்தார். "ம்" என்றார். பிறகு "அடுத்த கிழமை சொல்லுறன்" என்றார்.

அந்தக் கிழமை இவர் செய்த முதல் முட்டாள்வேலை, வுச்சீரியாச் சந்தைக்குப் போய் விலை விசாரித்தது. சந்தைக்குள் பழைய சாமான் விற்கும் ஒருவரை இவருக்குப் பழக்கம். மீன்கடைக்கும் ஒலிவ் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு, சிஞ்ஞோராவோடு கத்திக் கத்திப் பழகிய அதே தொண்டையில், "ஒரு இரட்டைக்குழல் துவக்கு என்ன விலை போகும்?" என்று கேட்டிருக்கிறார். மீன் வெட்டின கத்தி நின்றதாம். ஒலிவ் வாங்கிக்கொண்டிருந்த பெண் காசைக் கொடுக்காமலே நகர்ந்தாளாம். பழைய சாமான்காரர் எழும்பி வந்து, இவருடைய தோளில் கை போட்டு, "தம்பி, உனக்கு ஆரோடை பிரச்சினை? முதலிலை இருந்து கதைப்பம்" என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை தண்ணீர் குடித்த பிறகுதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். நான் சிரித்ததில் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

புத்தி வந்தது அதற்குப் பிறகுதான். துவக்குப் பெட்டிக்குள் பழைய ரசீது ஒன்று கிடந்தது. அதில் ஒரு துவக்குக் கடையின் நம்பர். சிஞ்ஞோராவின் பெயரில் இவர் டெலிபோன் எடுத்தார். கடைக்காரர் சிஞ்ஞோர் தீனோ, சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார். எல்லாம் சட்டப்படி, வடிவாக. அத்தோடு இவர் சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் சமையலறையில் வந்து நின்றார்.

"இஞ்சாரும், கொஞ்சம் பழப்புளி தாரும்."

"ஏனப்பா? அங்கை என்ன ரசமோ வைக்கப் போறியள்?"

"நாளைக்கு ஆள் வருது. துவக்கு ஒரே கறள், துருப்பிடிச்சுப் போச்சு. இரும்பெல்லாம் நீலமும் மண்ணிறமுமாய்த் திட்டுத்திட்டாய்க் கிடக்கு. உப்பிடியே காட்டினால் ஆர் காசு தருவான்?"

நான் ஒரு தேசிக்காயளவு புளி உருட்டிக் கொடுத்தேன். என் வீட்டுக் குத்துவிளக்கு அதே புளியில்தான் தங்கம் போல் இருக்கிறது. இரும்புத் தும்பும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இதை இங்கே எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

இவர் பாத்திரம் கழுவும் மஞ்சள் றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு தேய்த்தாராம். கை பழுதாகாமல் இருக்க இல்லை. கைரேகை பதியாமல் இருக்க. மூன்று மணித்தியாலம். பிறகு மரப்பிடிக்கு மேசை மினுக்கும் ஸ்பிரே. சனிக்கிழமை நான் போனபோது துவக்கு சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணிமேல் கிடந்தது. புதுக் கரண்டி மாதிரி பளபளத்தது. கவுதாரியின் இறகு ஒவ்வொன்றும் தெரிந்தது. நான் என் மனிசனைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

சிஞ்ஞோர் தீனோ கழுத்துப்பட்டியும் சின்னப் பூதக்கண்ணாடியுமாக வந்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று தன் நிழலுக்குள்ளேயே பார்த்தபடியால் முதலில் துவக்கின் நிறம் அவருக்குத் தெரியவில்லை. குழலைக் கழற்றி உள்ளே பார்த்தார். "நல்லாய் வைச்சிருந்திருக்கிறார்" என்றார். குழலில் ஒரு இலக்கம், உடம்பில் ஒரு இலக்கம். இரண்டும் ஒன்றென்று தலையாட்டினார். திருகாணித் தலைகளைப் பார்த்தார். "ஒருத்தரும் திறக்கேல்லை. அருமை" என்றார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் இவர் ஒரு அங்குலம் உயர்ந்துகொண்டு போனார். இவருடைய தொழிலை இன்னொருவர் செய்வதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு. பிறகு அந்த மனிதர் துவக்கைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

"இதுக்கு என்ன நடந்தது?"

சிஞ்ஞோராவுக்குக் கேட்கவில்லை, அவர் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

சிஞ்ஞோர் தீனோ குரலைத் தாழ்த்தி எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அந்த நீலமும் மண்ணிறமும் கறள் இல்லையாம். எழுபது வருடத்துக்கு முதல் இரும்பைத் தீயில் பதப்படுத்தியபோது வந்த நிறமாம். இப்படிப்பட்ட துவக்கைச் சேகரிக்கிறவர்கள் அந்த நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்களாம். திரும்பப் பூசலாம், ஆனால் அது பூச்சு; பார்த்த உடனே தெரியும். "போன மாசம் ஒருத்தர் இதே மாதிரி ஒண்டுக்கு டெலிபோனிலை விலை கேட்டவர். பப்ரீசியோ எண்டு பேர் சொன்னவர். நிறம் இருந்தால் மூவாயிரம் எண்டு சொன்னனான். இது..." என்று நிறுத்தி, ஒரு துண்டில் 1500 என்று எழுதிச் சிஞ்ஞோராவின் முன்னால் வைத்தார்.

என் புளி ஆயிரத்து ஐந்நூறு யூரோவைத் தின்றிருக்கிறது.

சிஞ்ஞோரா துண்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இன்னொருமுறை பார்த்தார். இரண்டு காதுக்கு இது காணாது என்பது அவருக்கு உடனே விளங்கியது. முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் இவரைத்தான் பார்த்தார்.

"பெர்னார்தோ, இது ஞாயமான விலையோ?"

"ஓம்" என்று இவர் தலையாட்டியிருந்தால் போதும். அது பொய்யும் இல்லை. அந்தத் துவக்குக்கு அப்போது அதுதான் ஞாயமான விலை. சிஞ்ஞோர் தீனோ தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. நான் இவருக்குக் கண்ணைக் காட்டினேன். தலையாட்டுங்கோ என்று. அதையும் மறைக்கப் போவதில்லை. அந்த வேலை போனால் இவருக்கு வேறு வீடு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் எந்த முகத்தோடு நிற்பார்?

இவர் தலையாட்டவில்லை. சிஞ்ஞோராவின் காதருகே குனிந்தார். களவாய்ச் சொல்ல வேண்டிய விஷயத்தைக்கூட அந்த வீட்டில் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"சிஞ்ஞோரா! நான் துவக்கைக் கழுவிப்போட்டன்!"

"என்ன?"

"துவக்கைக் கழுவிப்போட்டன்!"

ஜூன் மாதம். உலகக் கிண்ணக் காலம். பல்கனிகளில் எல்லாம் கொடியும் சனமும். ஜன்னல்கள் திறந்து கிடந்தன.

"ஆர் துவக்கைக் கழுவினது?" என்று மேல்மாடியில் ஒரு பெண் கேட்டாள்.

"அல்போன்சா வீட்டு ஆள்!" என்று கீழ்மாடி சொன்னது.

"ஐயோ, என்ன செய்துபோட்டுக் கழுவினவனாம்?"

சிஞ்ஞோர் தீனோ வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பல்கனிக்கு ஓடினார். "விக்கிறதுக்கு! விக்கிறதுக்குக் கழுவினது!" என்று நாலு பக்கமும் கும்பிடாத குறையாகச் சொன்னார். இவர் அதொன்றையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"மூவாயிரம் பெறுமதி! நான் பாதியாக்கிப்போட்டன்! எனக்குத் துவக்கைப் பற்றி ஒண்டும் தெரியாது! தெரியாது எண்டு சொல்ல வெக்கமாய் இருந்தது! இப்ப ஆயிரத்து ஐந்நூறு ஞாயமான விலை, மிச்சம் என்ரை பிழை!"

புளியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. என் பெயர் வரவே இல்லை. கல்யாணம் முடித்துப் பதினெட்டு வருடத்தில் இந்த மனிசனில் எனக்கு அன்றைக்கு வந்த அன்பு முன்பு வந்ததில்லை. கூடவே இரண்டு அறை போடவேண்டும் போலவும் இருந்தது.

சிஞ்ஞோரா எழும்பினார். மேசைக்கு வந்து துவக்கை விரலால் தடவினார்.

"நாப்பது வருஷம் என்ரை மனிசன் என்னை இதைத் தொட விடேல்லை. தூசி துடைக்கவும் விடேல்லை. விட்டிருந்தால் நானும் இப்பிடித்தான் தேய்ச்சிருப்பன்." பிறகு இவரைப் பார்த்தார். "ஒரு காது எவ்வளவு?"

"ஆயிரத்து நானூறு, சிஞ்ஞோரா! மற்றக் காதுக்கு என்ரை சம்பளத்திலை மாசம் மாசம்..."

சிஞ்ஞோரா கையைக் காட்டி நிறுத்தினார்.

"டெலிபோனுக்கு ஒரு காது போதும். மற்றது கேளாமல் கிடக்கட்டும். அதுக்கும் வேலை வரும்."

பிறகு அந்தப் பப்ரீசியோ சிஞ்ஞோராவின் தமையனின் மகன் என்று நான் சொல்ல, சிஞ்ஞோர் தீனோ அவன் டெலிபோனில் விலை கேட்ட கதையை ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். சிஞ்ஞோரா அந்தத் துண்டை மடித்து மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். துவக்கு அடுத்த கிழமை கடைக்குப் போயிற்று. இடக்காதுக்கு மெஷின் வந்தது.

முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. இவர் பழக்கத்தில் எழும்பினார். சிஞ்ஞோரா தானே எடுத்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணித்தியாலம். உள்ளேயிருந்து அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவர் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அந்த மருமகள் இப்ப என்ன செய்யிறாளோ தெரியேல்லை" என்றார் என்னிடம். மேல்மாடிக்காரியும் பல்கனியால் எட்டி, இன்றைக்கு ஏன் சத்தத்தைக் காணவில்லை என்று கேட்டாள்.

பப்ரீசியோ வந்தது யூலையில், அதுவும் ஒரு சனிக்கிழமை. சிஞ்ஞோரா தன் வலப்பக்கக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மெஷின் தலைமயிருக்குள் மறைந்திருந்தது, அவன் காணவில்லை. அவர் காதுக்குள் கத்துகிற பொறுமையும் அன்றைக்கு அவனுக்கு இல்லை. தன்பாட்டில் பொரிந்து தள்ளினான். துவக்கை ஏன் விற்றீர்கள், என்னிடம் ஏன் கேட்கவில்லை, இந்தச் சிங்காலேசே உங்களை ஏமாற்றுகிறான் என்றான். சிங்களவன் என்று அர்த்தம்; இந்த ஊரில் தமிழர் எங்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர். ஏமாற்றுகிறவன் என்றதைவிட அதுதான் இவருக்குச் சுட்டிருக்கும். சிஞ்ஞோரா கோவில் சுரூபம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் இடக்காதை இவர் பக்கம் திருப்பினார்.

"பெர்னார்தோ, இவன் என்ன சொல்லுறான்?"

இவர் தொரீனோக் கதையில் ஒரு சொல்லையும் விழுங்கியதில்லை. இதிலும் விழுங்கவில்லை. குனிந்து, மெல்லமாய்ச் சொன்னார்:

"நான் உங்களை ஏமாத்துறன் எண்டு சொல்லுறார், சிஞ்ஞோரா."

"அப்பிடியோ? மூவாயிரம் யூரோத் துவக்குக்கு ஐந்நூறு சொன்னது ஆரெண்டு அவனைக் கேள்."

இவர் பப்ரீசியோவின் பக்கம் திரும்பினார். அவன் காது நல்ல காது. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்வதென்றால் இவருக்கு ஒரே ஒரு குரல்தான் தெரியும்.

"மூவாயிரம் யூரோத் துவக்குக்கு ஐந்நூறு சொன்னது ஆர் எண்டு உங்கடை மாமி கேக்கிறா!"

"ஐந்நூறாமோ?" என்றது மேல்மாடி.

"கழுவ முந்தியோ, கழுவின பிறகோ?" என்றது கீழ்மாடி.

"முந்தி!" என்று சிஞ்ஞோரா தானே பல்கனிப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

பப்ரீசியோ கோப்பியைக் குடிக்காமல் எழும்பிப் போனான். அவன் படியிறங்கி முடியும்வரை நாலு மாடியும் பல்கனியில் நின்றது. இவர் கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, அவன் இருந்த கதிரையைத் துடைத்தார். வெறும் ஈரத்துணியால்தான். புளி போடவில்லை.